ரத்னபாயின் இஸ்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் ஆண்டு. நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் பாறசாலைச் சந்தை முக்கில் ஓர் அறை எடுத்து என் மனைவி ரத்னபாய் தட்டச்சு யந்திரம் வைத்தாள். எங்கள் பக்கத்தில் தட்டச்சுப் பரீட்சை தேறிய முதல் பெண் அவள். வாசல் பலகையை நானே எழுதினேன்: ‘ரத்னபாய், டைப்பிஸ்டு.’

வடக்கேயிருந்து காவலுக்கு வந்திருந்த மலையாளப் போலீஸ்காரர் குறுப்பு ஒருநாள் பலகையின் முன் நின்றார். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ‘டைப்’ வரை முகத்தில் மாற்றமில்லை. ‘இஸ்டு’ என்று முடிந்ததும் மீசை நிமிர்ந்தது.

“இது ஏது இஸ்டாணு? கம்யூனிஸ்டோ?”

“டைப்பிஸ்டாக்கும், சாரே” என்றாள் ரத்னபாய்.

“எந்த இஸ்டாயாலும் சமயம் சரியில்லா. ஒடுக்கத்தெ மூணு அட்சரம் மாய்க்கணும். இல்லெங்கில் முறி பூட்டும்.”

எதிரே சாயாக்கடை செல்லையன் சும்மா இருப்பானா? “அண்ணாச்சி, எனக்கும் ஒரு பலகை எழுதித் தாரும், சாயாயிஸ்டுன்னு!”

“எலே, சும்மா கெட. ஒன்னையும் தூக்கிட்டுப் போவாரு” என்றேன்.

அறையைப் பூட்டினால் யந்திரமும் உள்ளே அல்லவா கிடக்கும்? கடைசி மூன்று எழுத்தை அழிக்கத் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து ஸ்டூலில் ஏறிவிட்டேன்.

“நீங்க கீழ எறங்குங்க” என்றாள் அவள். பிறகு குறுப்பிடம் திரும்பினாள்.

“சாரே, டைப்புங்கது மெஷினுக்க வேலை. அதைச் செய்யுத ஆளாக்கும் இஸ்டு. அந்த மூணு எழுத்தை மாய்ச்சா மெஷின் இருக்கும். நான் இருக்கமாட்டேன்.”

“ஆளுண்டெங்கில் காணட்டே” என்று அவர் உள்ளே வந்தார்.

தாளை மாட்டி அவருடைய பேரையும் நம்பரையும் கேட்டாள். விரல்கள் விசைகளில் ஓடின. கண் மட்டும் அவர் முகத்தைவிட்டு அசையவில்லை. தாளை உருவி நீட்டினாள்.

“இந்தா, இதாக்கும் எனக்க இஸ்டு.”

அச்சுப்போல விழுந்திருந்த தன் பேரைக் குறுப்பு வெகுநேரம் பார்த்தார். ஓர் எழுத்தும் பிசகவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“பலகை அவிடெ இருந்நோட்டே.”

அவர் படியிறங்கியதும் ரத்னபாய் என் கையிலிருந்த துணியை வாங்கி வெளியே எறிந்தாள்.

“அந்த மூணு எழுத்தையும் கொஞ்சம் பெரிசாட்டு எழுதுங்க. பஸ்ஸில போறவியளுக்கும் தெரியணும்.”

மறுபடியும் ஸ்டூலில் ஏறினேன்.