மேலாளருக்கு ஒரு ஜோடி ஷூ

மூன்று வருடங்களாக அவள் ஷூ கடையின் மாடிக் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சுத்துணைக்கு அங்கே தூசிதான். கீழே விற்பனைப் பிரிவில் ஓர் இடம் காலியானதும் முதல் ஆளாகப் போய்க் கேட்டாள். எதிரே பெரிய ஹோட்டல். வருகிறவர்களில் பாதிப் பேர் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். வெள்ளிக்கிழமை தேர்வு என்றார் மேலாளர். அவரே வாடிக்கையாளராக உட்காருவார், அவள் ஆங்கிலத்தில் விற்றுக் காட்ட வேண்டும். மாதிரி உரையாடல் அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார்.

அன்று மாலையே வீட்டில் கடை திறந்தாயிற்று. இருந்த காலணிகளையெல்லாம் கட்டில்மேல் வரிசையாக வைத்தாள். பஸ் ஓட்டுநரான கணவர் சீருடையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் அமர்ந்தார்.

"மே ஐ ஹெல்ப் யூ, சார்?"

"யெஸ், யெஸ். ஐ வில் டேக் இட்." அவள் இன்னும் எதையும் காட்டியிருக்கவில்லை.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "எழுந்திரு அண்ணா. பொண்டாட்டி நீட்டினா கிழிஞ்ச செருப்பையும் வாங்குவ. இந்தக் கஸ்டமரை வச்சுப் பழகினா விளங்கினாப்லதான், அண்ணி!"

நாத்தனார் நாற்காலியைப் பிடித்தபின் ஒன்றும் விற்கவில்லை. நிறம் சரியில்லை, விலை அதிகம், தோல் போலி. மூன்றாம் நாள் அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"உன்னை மாதிரி ஒருத்தி வந்தா கடையையே மூடிடுவேன்!"

"கடையில தமிழ் கூடாது. இங்கிலீஷ்ல திட்டுங்க."

வியாழனுக்குள் தாளிலிருந்த ஒவ்வொரு வரியும் தலைகீழாகப் பாடமாகிவிட்டது.

வெள்ளியன்று மேலாளர் தன் அளவைச் சொல்லிக் கறுப்பு ஷூ கேட்டார். அவள் குனிந்து மாட்டிவிட்டாள். வலது காலில் சுண்டுவிரல் பக்கம் தோல் புடைத்துக்கொண்டு நின்றது.

"ஹவ் இஸ் இட்?" என்றார்.

தாளில் இதற்கு ஒரே பதில்தான்: மிக அழகாக இருக்கிறது, சார். அது நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் விற்பனையாளர்கள் இருவர் வேடிக்கை பார்த்தார்கள். அவள் அந்தப் புடைப்பையே பார்த்தாள். கால்விரலுக்கு ஆங்கிலத்தில் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த இரண்டு வார்த்தைகளை ஒட்டவைத்தாள்.

"நோ, சார். ஸ்மால். யுவர் லெக் ஃபிங்கர் இஸ் க்ரையிங்."

ஒரு விற்பனையாளன் சிரித்துவிட்டான். மேலாளர் சிரிக்கவில்லை. "பெரிசு இருக்கா?" என்று தமிழிலேயே கேட்டார்.

அவள் படியேறி ஓடி, அடுத்த அளவோடு இறங்கி வந்தாள். அவர் மாட்டிக்கொண்டு கண்ணாடிவரை நடந்தார். திரும்பி வந்து இன்னொரு முறையும் நடந்தார்.

"ஆறு வருஷமா இங்கதான் வாங்கறேன். போடறப்பல்லாம் பிரமாதம் சார்னு சொல்லுவானுங்க," என்றபடி, சற்றுமுன் சிரித்தவனை முறைத்தார். "திங்கட்கிழமை கீழ வந்துடுங்கம்மா. அந்த விரலுக்கு மட்டும் சரியான வார்த்தையைக் கத்துக்கிட்டு வாங்க."

கிடங்குப் படியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தாள். நாத்தனார்தான் எடுத்தாள்.

"அவர் வாங்கினாரா அண்ணி?"

"நிஜமாவே வாங்கிட்டார்டி. பில் போட்டுட்டாங்க."

"மேனேஜர் தலையிலயே கட்டிட்டீங்களா!"

இருவரும் சிரித்து அடங்க வெகுநேரமானது. பின்னால் கணவர், "வேலை கிடைச்சுதா? யாராவது சொல்லுங்களேன்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.