விரும்பினதைக் குடுங்கோ

மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த சுரேகாவின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினாள் இரஞ்சிதம் மாமி. இப்படிக் கடதாசி மாதிரிச் சீவினால் அண்ணன் தொட்டும் பார்க்கமாட்டார், தடிப்பாக வெட்டி உப்பும் தூளும் போட்டுப் பிரட்டினால்தான் அவருக்கு இறங்கும் என்றாள். சொன்ன கையோடு உப்புப் போத்தலைக் கவிழ்த்தாள்.

அண்ணன் என்பது சுரேகாவின் அப்பா தில்லைநாதன். அவர் போய் அன்றைக்கு முப்பத்தோராம் நாள். கிருத்தியம் முடித்த ஐயர் குடையும் செருப்பும் பாயும் தானம் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். இனிப் படையல்தான் மிச்சம். செத்தவருக்கு எதெது விருப்பமோ அதையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு வைக்க வேண்டும். இருக்கும்போது இல்லை என்றதையெல்லாம் படத்துக்கு அள்ளி வைப்பதில் எங்கள் சனத்தை அடிக்க ஆளில்லை.

மாமி பளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கியவள். வந்ததிலிருந்து அண்ணனின் விருப்பங்களை வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லிக் குசினியை நிரப்பிக்கொண்டிருந்தாள். சொல்லிப் பார்த்தால் அந்த மனிதனுக்கு இருந்ததெல்லாம் கேட்டவர் சிரிக்கிற அளவு சின்ன ஆசைகள். வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, செம்பை உயர்த்தி அண்ணாந்து கடகடவென்று குடிப்பது. முற்றத்துச் செவ்விளநீர். மோர்மிளகாய்ப் பொரியல். பின்னேரம் வாய்க்கால் வரம்பில் குந்தியிருந்து உப்பு மாங்காய் கடிப்பது. வட்டக்கச்சியில் இத்தனை காலம் நெல் விதைத்த மனிதன் அதற்குமேல் ஒருவரிடமும் ஒன்றும் கேட்டதில்லை.

அந்தக் கடைசி மாதத்தில் அதில் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பது இந்த வீட்டில் சுரேகா ஒருத்திக்குத்தான் முழுதாகத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் துண்டு எழுதி வீட்டுக்கு விட்ட அன்று, டொக்டர் அவளைத் தனியாக வெளியே கூப்பிட்டார். இரண்டு கிட்னியும் போய்விட்டது, இரத்தம் சுத்தப்படுத்துவதை இனி இதயம் தாங்காது என்றார். “கூட்டிக்கொண்டு போய் விரும்பினதைக் குடுங்கோ. ஒரு மாசம் இருந்தால் பெரிய விசயம்” என்றார். நல்ல மனிதர், அவளுடைய கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

பிரான்சில் இருக்கிற தம்பி நிருஷனுக்கு அங்கேயே நின்று போன் எடுத்தாள். அம்மாவுக்குச் சொல்லிப்போடாதே, அவா தாங்கமாட்டா, அவாவும் விழுந்தால் ஆர் பாக்கிறது என்றான் அவன். தூரத்தில் இருப்பவர்களுக்குப் புத்தி சொல்வது லேசு. ஆனால் சுரேகாவுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. வார்ட்டுக்குள் போய், “கவனமாப் பாத்தால் சுகம் வருமாம்” என்றாள். நாளைக்கு, இல்லாவிட்டால் நாளையிண்டைக்கு, ஆறுதலாக உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

அம்மா அந்தச் சொல்லைப் பிடித்த பிடி இருக்கிறதே, அப்பப்பா. வார்ட்டில் முன்னமே சொல்லியிருந்த பத்தியப்படி, வீட்டுக்கு வந்ததும் உப்பை நிற்பாட்டினாள். இளநீர் இல்லை, வாழைப்பழம் இல்லை, மாங்காய் என்ற பேச்சே இல்லை. தண்ணீரைச் சின்னக் கோப்பையில் அளந்துதான் கொடுத்தாள். இன்னும் ஒரு மிடறு என்று அவர் கேட்டால் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரிச் சிணுங்கினால் குசினிக்குள் வந்து அழுதாள், அழுதுவிட்டுப் போய்த் திரும்பவும் இல்லை என்றாள். அவருக்கு வைத்த அதே உப்பில்லாத சோற்றைத்தான் தானும் தின்றாள்.

அப்பாவும் சொல்வழி கேட்டார், அதுதான் கொடுமை. ஒருநாள் சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அம்மா கிணற்றடியில் நின்றாள். “நாக்கு ஒட்டுது பிள்ளை” என்றார். சுரேகா செம்பை எடுத்துவிட்டாள். அவர்தான் கையை நீட்டித் தடுத்தார்.

“வேண்டாம், விடு. கொம்மா கஷ்டப்பட்டுப் பாக்கிறா. கட்டுப்பாடா இருந்தால் பெரும்போக விதைப்புக்கு எழும்பிடுவன், என்ன?”

“ஓம் அப்பா” என்றாள் சுரேகா. செம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அந்த மாதம் முடிந்தபோது அவரும் முடிந்தார். போகிறவருக்குப் பால் பருக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

மத்தியானம் படத்தடியில் இலை போட்டார்கள். அயல் பெண்கள் விறாந்தையில் நிறைந்திருந்தார்கள். மாமி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். மாங்காய், மோர்மிளகாய், வாழைப்பழம். செவ்விளநீரைச் சீவி வைத்தாள். திரும்பி, சுவரோடு இருந்த அம்மாவைப் பார்த்தாள்.

“என்ர அண்ணன் தண்ணிக்குத் தவிச்செல்லோ செத்தவர். போனில என்னட்டக் கேட்டவர், வரேக்க ஒரு மாங்காய் கொண்டு வா எண்டு. நீங்கள்தானே மச்சாள் கொண்டுவர வேண்டாம் எண்டனியள். சாகப்போற மனுசனுக்கு ஒரு மாங்காய் குடுத்தால் என்ன குறைஞ்சு போயிருக்கும்?”

விறாந்தையில் இருந்தவர்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சீலைத் தலைப்பைக் கைக்குள் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுரேகாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. மாமி சொல்வது இன்றைக்குத்தான் அம்மாவின் காதில் விழுகிறது என்றில்லை. இந்த மாதம் முழுக்க அம்மா அதைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு கிடந்தாள். பாதி இரவில் எழும்பி இருந்ததும், பாதிச் சோற்றில் கையைக் கழுவியதும் அதனால்தான்.

“சாகப்போற மனுசனெண்டு எனக்கு ஆர் சொன்னது?” என்றாள் அம்மா. பிறகு நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். “நீதானே பிள்ளை டொக்டரோட கதைச்சனி. எல்லாருக்கும் முன்னால சொல்லு. குடுக்கக் கூடாதெண்டுதானே சொன்னவர்?”

இப்போது சொல்லலாம். வாயைத் திறந்தால் போதும். இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்து புழுத்த வார்த்தை வெளியே விழுந்துவிடும். ஆனால் விழுந்தபிறகு அம்மா என்ன ஆவாள்? அளந்து ஊற்றிய ஒவ்வொரு கோப்பையையும் திரும்ப நினைப்பாள். கணவனை வெறுமனே வாட்டியிருக்கிறேன் என்று தெரிந்து மிச்சக் காலத்தை எப்படிக் கழிப்பாள்? இதையெல்லாம் சுரேகா நினைத்தாள்தான். தன்னை எல்லோரும் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்ததையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

“ஓம். உப்பு, தண்ணி, பழம் எல்லாம் கூடாதெண்டுதான் சொன்னவர். அம்மா கவனமாப் பாத்தபடியாத்தான் அந்த ஒரு மாசமாவது இருந்தவர்.”

மாமி அப்படியே குந்தி, “தெரியாமக் கதைச்சிட்டன் மச்சாள்” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா அவளைத் தேற்றினாள். தேற்றும்போது அம்மாவின் குரல் தெளிந்திருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தத் தெளிவைக் கேட்ட அயல் பெண்கள், பாவம், ஆறிவிட்டாள் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

தேவாரம் பாடி, தீபம் காட்டிப் படைத்தார்கள். பிறகு எல்லோருக்கும் சாப்பாடு. அம்மா எல்லோரோடும் பந்தியில் இருந்தாள். உறைப்பாகக் குழைத்துச் சாப்பிட்டாள், கறி கேட்டு வாங்கினாள். பரிமாற வந்த சுரேகாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் குனியவைத்தாள்.

“நீ சொன்னது பெரிய ஆறுதல் பிள்ளை” என்றாள் மெல்ல. “எனக்கும் இப்பிடி ஒரு வருத்தம் வந்தால் நீயும் இப்பிடித்தான் பாக்கோணும். நான் கெஞ்சுவன், அழுவன். இரங்கிப் போடாதை. ஒண்டும் தரக்கூடாது.”

“ஓம் அம்மா” என்றாள் சுரேகா.

பந்தியின் அந்தத் தலைப்பிலிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். ஆடி மாத வெயில், கறியெல்லாம் நல்ல உறைப்பு. சுரேகா வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வார்த்துக்கொண்டு போனாள். ஒருவர் குடித்து முடித்து இன்னும் ஊற்று பிள்ளை என்று பேணியை நீட்டினார், அடுத்தவரும் நீட்டினார். அவள் வழிய வழிய ஊற்றினாள்.