தூளுக்கு ஒரு வழி

நான்காவது பலகையும் கட்டையில் முட்டி நின்றதும், அவள் ரூட்டர் மெஷினை அணைத்துவிட்டு, அது பலகையில் வெட்டிய காடிப் பள்ளத்தின் நீளத்தைப் பார்த்தாள். இதிலும் குறைந்திருந்தது. பலகைக்குப் பலகை மயிரிழை மயிரிழையாகக் குறைந்துகொண்டே வந்திருந்தது.

"கட்டினவன் உள்ள மூச்சுக்குத் தவிக்கிறான், நீ இங்க மெஷினை அலற விடுறே. அடுக்குமா?"

பட்டறை வாசலில் நாத்தனார்.

"அவர்தான் அண்ணி ஓட்டச் சொன்னாரு."

"அவன் நிலாவைப் பிடிச்சுக் குடுன்னாலும் ஏணி தேடுவே நீ."

உண்மையிலேயே அவர்தான் சொன்னார். படுக்கையறைக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரே சுவர். விடிந்ததும் கதவைத் திறந்துவைக்கச் சொல்லி, "நர்ஸம்மா அலமாரிக்கு இழுப்பறை பாக்கி. நீ காடி எடு, நான் கேட்டுட்டே படுத்திருக்கேன்" என்றார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், யாரும் கூப்பிடாமலே வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிறவள் அந்த நர்ஸ். அவளுக்கென்று அவர் தொடங்கிய அலமாரி அது. ஆனால் அவர் கேட்க விரும்பியது வேறு. தனக்குப் பிறகு இவள் இந்த மேசை முன் தனியாக நிற்பாளா? இருவரும் அதை வாய்விட்டுப் பேசவில்லை.

இழுப்பறையின் அடித்தகடு செருகும் காடி, பலகையின் கடைசிவரை ஓடினால் இழுப்பறையின் முகத்தில் ஓட்டை தெரியும். அதனால் நிற்க வேண்டிய இடத்தில் பலகையை மறிக்க ஒரு தடுப்புக் கட்டை. இன்று முதன்முதலாக அவளே ஒரு மரத்துண்டை அறுத்து, இழைத்து, மேசையோடு இறுக்கியிருந்தாள். அதில் கொஞ்சம் பெருமைகூட.

உள்ளே போனாள்.

"சரியா வரலைங்க. கட்டை நகருது போல."

அவர் கண் திறக்காமலே சிரித்தார். "நகரல. சத்தம்தான் ஒவ்வொரு தடவையும் முன்னாடியே நிக்குது. இஞ்சினியரம்மா மேசையோட ஒட்டி வெச்சிட்டீங்களோ?"

"ஒரு முடி நுழையாது."

"அதான் தப்பு. தூள் எங்க போகும், பாவம்? கட்டை முன்னாடியே குமிஞ்சு பலகையை மறிக்குது. கீழ் விளிம்பைச் சாய்வாச் சீவிவிடு. அதுக்கும் ஒரு வழி வேணும்ல."

இவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு இளைத்தது. நாத்தனார் ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்தாள்.

"இப்பவும் தூளுக்குப் பரிஞ்சு பேசுறான் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பட்டறைக்குத் திரும்ப மனமில்லாமல் இவள் கட்டில் ஓரமாக நின்றாள்.

"போ. கேக்கணும்" என்றார் அவர்.

உளியால் விளிம்பைச் சீவிவிட்டு, காடி குறைந்த பலகைகளை மறுபடி தள்ளினாள். தூள் சாய்வுக்குள் ஒதுங்கியது. பலகை கட்டையைத் தொட்டது. டக். அடுத்தது, அதே இடத்தில், டக். பிறகு அவள் எதையும் அளக்கவில்லை.

கடைசிப் பலகையை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது நாத்தனார் வாசலில் நின்றிருந்தாள். ஈரத்துணி இன்னும் கையில் இருந்தது. அவளைப் பார்த்ததும் இவள் மெஷினை அணைத்தாள்.

"உன்னைக் கூப்பிடத்தான் எந்திரிச்சேன். கையைப் பிடிச்சுக்கிட்டான். 'கேக்க விடுக்கா, நல்லா வருது'ன்னான்" என்றாள் நாத்தனார். "அப்புறம் பேசலம்மா."

கேட்க ஆசைப்பட்டதைக் கேட்கவைத்தே கடவுள் அவரை அழைத்துக்கொண்டார். அவள் உள்ளே போய், மரத்தூள் ஒட்டிய கையை அவர் நெற்றியில் வைத்தாள்.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் கலைந்தார்கள். நாத்தனாரும் பையைக் கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. அலமாரியின் நெடும்பலகைகள் மட்டும் இன்னும் காடி எடுக்காமல் சுவரில் சாய்ந்திருந்தன. அவ்வளவு நீளத்தை இந்தப் பக்கம் ஒருவர் தள்ள, அந்தப் பக்கம் ஒருவர் தாங்கி வாங்க வேண்டும். இத்தனை வருடம் வாங்கியவள் அவள். இப்போது தள்ளும் பக்கம் நின்று எதிரே பார்த்தாள்.

"ஏன் சும்மா நிக்கிற?"

"இது ஒத்தை ஆள் வேலை இல்லை அண்ணி. யாரையாவது பாக்கணும்."

நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மேசையைச் சுற்றிப் போய், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, இரண்டு கைகளையும் ஏந்தினாற்போல் நீட்டினாள்.

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. திட்டினே, பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன்."

அவள் முதல் பலகையை மேசையில் படுக்கவைத்து, மெல்லத் தள்ளினாள்.