கண்ணாடி ஏற்றிய கருவாட்டு வேன்

1

இந்தக் கதை என் காருக்கு அடியில் பிறந்தது. பழைய கார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றார்கள். புகைக்குழாய்க்குள் உட்கார்ந்து, போகிற புகையை மோந்து பார்த்து இன்ஜினுக்குத் தகவல் சொல்லும் கருவி அது. ஒரு மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். நானே மாற்றுகிறேன் பேர்வழி என்று ஸ்பானரோடு கீழே படுத்தேன். மாற்றியும் விட்டேன். விளக்கு அணைந்தது. ஆனால் அன்றிலிருந்து என் மனைவி பேச்சி அந்தக் காரில் ஏறும்போதெல்லாம் நான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கிறேன். சரியாகத்தான் முடுக்கினேனா, இல்லை புகை கசிந்து உள்ளே வருமா?

இந்தப் பயத்தை வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம்: “1974. தூத்துக்குடி. செந்தூர்பாண்டி தன் வேனின் ஆக்சிஜன் சென்சாரை—”

(அடித்துவிட்டேன். அந்தக் காலத்து வண்டியில் அது ஏது?)

மறுபடியும்: “அலைகள் முத்துக்களைக் கரையில்—”

(தூத்துக்குடி என்றதும் முத்து வந்துவிடுகிறது. செந்தூர்பாண்டி வாழ்நாளில் ஒரு முத்தையும் தொட்டதில்லை. அவன் கருவாட்டு வியாபாரி.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவனுடைய பழைய வேனில், புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் புகை கசிந்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் சரக்கு தேங்கிவிடும் என்று அந்த இடத்தில் கசிவை அடைக்கும் பேக்கிங் வளையத்தை அவனே மாற்றினான். குழாயைப் பிடித்திருந்தவை மூன்று போல்ட்டுகள். உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்ததில், ஸ்பானரைப் போட்டு அழுத்தியதும் ஒன்று முறிந்துபோனது. மற்ற இரண்டும் தாங்கும் என்று விட்டுவிட்டான். கருவாட்டு உப்புநீர் வடிந்து வேனின் தரைத் தகட்டில் அங்கங்கே ஓட்டை. அதன் வழியே புகை உள்ளே வரும் என்று அவன் யோசிக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்து மோந்து பார்த்தான். ஒரு நெடியும் தெரியவில்லை.

(கொஞ்சம் நில்லுங்கள். அவன் மோந்தது எந்த மூக்கால்? பிறந்ததிலிருந்து கருவாட்டில் ஊறிய மூக்கால். அதுவும் கருவாட்டு வேனுக்குள் உட்கார்ந்து! இதை வேடிக்கையாக எழுதத்தான் நினைத்தேன். எழுதிய பிறகு பயமாக இருக்கிறது.)

3

புன்னைக்காயலில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஆத்தூர் வழியாக ஸ்ரீவைகுண்டத்துக்குப் போகிறான். பக்கத்தில் மனைவி இசக்கியம்மாள், அவள் மடியில் மகள் சீனித்தாய். வழியெல்லாம் கண்ணாடி இறங்கியிருந்தது, காற்று வந்தது, பயமில்லை.

ஆனால் கோயில் தெருவுக்குள் நுழையும் முன் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. அவனுடைய அப்பா சைக்கிளில் கருவாடு கொண்டுபோன காலத்தில், அந்தத் தெரு வந்ததும் வாடை வெளியே போகாமல் ஈரச்சாக்கைப் போட்டு மூடுவார். மகன் கண்ணாடியை ஏற்றுகிறான். தெருவைக் கடக்க ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் போதும்.

அன்று சாமி சப்பரம் நடுத்தெருவில் நின்றுவிட்டது. பின்னாலும் கூட்டம். இன்ஜினை அணைத்தால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும்; சாமி வருகிற தெருவில் கருவாட்டு வேனை யார் தள்ளுவார்கள்?

“இங்கேருங்க, பொக வாட அடிக்கில்லா?” என்றாள் இசக்கியம்மாள்.

“கருவாட்டு வாடதான் ளா. இன்னைக்குத்தான் புதுசா மோந்து பாக்கியோ?”

“எனக்குத் தல வலிக்கி. கண்ணாடியக் கொஞ்சம் எறக்குதேன்.”

“எறக்காத! சாமி அங்கன நிக்கி. எங்கய்யா காலத்துலேர்ந்து இந்தத் தெருவுல ஒரு சொல்லு வாங்கினதில்ல.”

“பிள்ள தூங்கிட்டா.”

“தூங்கட்டும்.”

4

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. செந்தூர்பாண்டி மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. கல்நெஞ்சக்காரனா? இல்லை, மகள் என்றால் அவனுக்கு உயிர். அவனுக்கும் தலை வலிக்கிறது. ஆனால் கண்ணாடியை இறக்கினால் ஊர் ஏசும் என்பது மட்டுமல்ல, முறிந்துபோன அந்த மூன்றாவது போல்ட்டையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் வாய் வரவில்லை.

எழுதிய வரைக்கும் பேச்சி வாசித்துப் பார்த்தாள்.

“பிள்ள தூங்குதாளா, மயங்கிட்டாளா?”

“அதான் தெரியல.”

“எழுதுத ஒங்களுக்கே தெரியலையா? மொதல்ல கண்ணாடிய எறக்கச் சொல்லுங்க.”

“எறக்கினா கத முடிஞ்சிரும்.”

“முடிஞ்சா முடியட்டும். அது பிள்ளையில்லா?”

எனக்கு வெட்கமாக இருந்தது.

5

முடிவு ஒன்று: இசக்கியம்மாள் புருஷன் பேச்சைத் தள்ளிவிட்டுக் கண்ணாடியை இறக்குகிறாள். நெடி தெரு முழுக்கப் பரவுகிறது. “ஏலே, எவம்ல அது, சாமி வார நேரத்துல?” என்று யாரோ சத்தம் போடுகிறார். சீனித்தாய் தும்முகிறாள், வீறிட்டு அழுகிறாள். செந்தூர்பாண்டி இறங்கித் தெருவைப் பார்த்துக் கைகூப்புகிறான்.

(எனக்கு வேண்டிய முடிவு இதுதான். எனக்கு வேண்டியது என்பதாலேயே நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.)

முடிவு இரண்டு: கடைசியில் சப்பரம் நகர்ந்தது. தெருவைக் கடந்ததும் செந்தூர்பாண்டி கண்ணாடியை இறக்கினான். “ஏளா, பிள்ளைய எழுப்பு” என்றான். இசக்கியம்மாள் மகளின் கன்னத்தைத் தட்டினாள். சீனித்தாய்

(மாட்டேன். இதற்கு மேல் எழுத மாட்டேன்.)

6

பேச்சி காரை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டாள். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டு என்று வாசல்வரை போய்ச் சொன்னேன். மழை பெய்கிறது என்று ஏற்றிவிட்டுப் போனாள். இன்னும் வரவில்லை. எனக்கு இங்கே எழுத்து ஓடவில்லை.

அதனால் உங்களிடம் விட்டுவிடுகிறேன். செந்தூர்பாண்டியின் கைகள் ஸ்டியரிங்கில். இசக்கியம்மாளின் கைகளில் பிள்ளை. அவளுக்கும் கண் சொருகுகிறது. அவளுக்கும் கதவுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்தீர்கள். கண்ணாடியை இறக்கும் கைப்பிடி உங்கள் முழங்காலை ஒட்டி இருக்கிறது.

சப்பரம் இன்னும் நகரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு ஏதாவது நெடி தெரிகிறதா?

தெரியாவிட்டாலும் சுற்றுங்கள்.