நாலுக்கு ஒன்று

“இந்த ரூம் நம்ம குழந்தைக்கு. அதுவரைக்கும் மூணு மெஷினை மட்டும் இதுல வச்சுக்கறேன்.”

“மூணுதானே? அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“மூணே மூணு. வேணும்னா எழுதி வாங்கிக்கோ.”

கல்யாணமான இரண்டாம் வாரம், வாடகை வீட்டின் சின்ன அறை வாசலில் நின்று இருவரும் பேசிக்கொண்டது அது. எழுதி வாங்காமல் விட்டது தன் தப்புதான் என்று பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள் பாப்பா. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவளுக்குப் பின்னால் அதை வாங்கிக்கொள்ள யாரும் வராததால் முப்பத்தொன்பது வயதிலும் அவளிடமே இருந்தது.

கணவருக்குத் தேர்வு மையங்களுக்கு மடிக்கணினி வாடகைக்கு விடும் தொழில். எதிலும் கைவசம் ஒன்று கூடுதலாக இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். குடை இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு. கல்யாணத்தைப் பதிவு செய்யக்கூட இரண்டு பேனாவோடுதான் வந்தார். பாப்பாவின் அண்ணன் அன்றே அவருக்கு ‘ஸ்பேர் மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டான். பொண்டாட்டி விஷயத்தில் மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாரே, அதற்கு நன்றி சொல்லு என்று தங்கையைச் சீண்டுவான்.

ஆரம்பத்தில் இருபது மெஷினுக்கு ஒரு ஸ்பேர் போதுமானதாக இருந்தது. அதையும் பெட்டியிலிருந்து எடுக்காமலே திருப்பிக் கொண்டுவந்த நாட்கள் உண்டு. ஏதாவது மக்கர் செய்தால் அடிமூடியைத் திறந்து, மெமரியைக் கழற்றி, அதன் பித்தளை நிற ஓரத்தை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவார். எழுந்துகொள்ளும். அதற்கும் மசியாவிட்டால் செத்த மூன்றின் பாகங்களைச் சேர்த்து ஒன்றைப் பிழைக்க வைப்பார். இப்போது வருவதில் மெமரியைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள். கழற்ற ஒன்றும் இல்லை. செத்த மூன்று, செத்த மூன்றாகவே கிடக்கின்றன.

ஒவ்வொரு மெஷின் வயிற்றிலும் வந்த தேதியை மார்க்கரால் எழுதுவது பாப்பாவின் வேலை. போன தேதியையும் அவள்தான் எழுதுவாள். முதலில் வாங்கியவை ஒன்பது வருடத்துக்குக் குறையாமல் உழைத்தன. அடுத்து வந்தவை ஐந்து. அதற்கடுத்தவை மூன்றைத் தாண்டவில்லை. கடைசியாக வந்ததில் ஒன்று உத்தரவாதக் காலம் முடிந்த ஏழாம் நாள் திரை கறுத்துப் போனது. இன்னொன்று பேட்டரி உப்பி, விசைப்பலகையை அப்பளம் போலத் தூக்கிவிட்டது. இருபதுக்கு ஒன்று என்றிருந்த ஸ்பேர், பத்துக்கு ஒன்றாகி, போன வருடம் நாலுக்கு ஒன்றில் வந்து நின்றது. சின்ன அறை நிரம்பிக் கதவு பாதிதான் திறக்கிறது. அவள் புடவை மடிக்கும் மேஜையும் போய்விட்டது.

மூன்று வாரத்துக்கு முன் சார்ஜர் ஒயர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பாப்பா குழந்தைகள் இல்லத்துக்குப் போய் வந்தாள். அங்கிருந்த அலுவலர் அம்மா நிதானமாக எல்லாம் சொன்னார். விண்ணப்பத்தில் கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும். வீட்டுக்கு வந்து குழந்தைக்கென்று ஓர் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சின்னக் குழந்தை வேண்டுமென்றால் தம்பதியின் வயதுக்கு ஒரு வரம்பு உண்டு. இவர்களுக்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. அன்றிலிருந்து விண்ணப்பம் அவள் கைப்பையிலேயே கிடந்தது. அன்றிலிருந்து அவளால் ஓர் இடத்தில் உட்காரவும் முடியவில்லை. பாதி துவைத்த துணியை விட்டுவிட்டு வந்து, துடைத்த மெஷினையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

கேட்க வாய் எழவில்லை. ஆறு வருடத்துக்கு முன் கடைசி மருத்துவரும் கையை விரித்த அன்று, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் சொன்னார்: “நமக்கு நாம போதும்மா. இனிமே இந்தப் பேச்சே வேண்டாம்.” அவள் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்னது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னது சொன்னதுதானே. போன வாரம் ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். அவரோ திறந்து கிடந்த மெஷினிடம், யார் எங்கே செய்தது என்றே தெரியாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தால் இப்படித்தான் என்று புலம்பிக்கொண்டிருந்தார். மெஷினைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தும், காபி வேணுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

இன்று காலை தேர்வுக்கு நாற்பத்தெட்டு மெஷின், பன்னிரண்டு ஸ்பேர். மணி அடித்த பத்தாம் நிமிடமே மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பாப்பா சத்தம் வராத ரப்பர் செருப்போடு ஓடி, செத்ததை எடுத்து உயிருள்ளதை வைத்தாள். உட்காருவதற்குள் அடுத்த கை. ஒன்றில் விசிறி நின்று மேஜையே சுட்டது. இன்னொன்று தானாக அணைந்து அணைந்து எழுந்தது. அவர் இடது பக்கம், இவள் வலது பக்கம் என்று வரிசைகளுக்கு நடுவில் இருவரும் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து, இங்கே தேர்வு எழுதுகிறவர்களைவிட நீங்கள் இருவரும்தான் அதிகம் வியர்க்கிறீர்கள் என்று கிசுகிசுத்தார்.

முடிய இருபது நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டாவது ஸ்பேரும் மேஜைக்குப் போய்விட்டது. உடனே கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். குழந்தையை முதுகில் தட்டித் தட்டித் தூங்கவைத்து, வாசலில் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தவள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பாப்பா கணவரைப் பார்த்தாள். அவர் வாசலுக்கு ஓடி, வருகைப் பதிவுக்கு வைத்திருந்த மெஷினைக் கழற்றிக்கொண்டு வந்தார். முதன்முதலில் வாங்கியவற்றில் மிஞ்சியிருந்த ஒரே மெஷின் அது. எழுத்தெல்லாம் தேய்ந்து விசைகள் மொழுக்கென்றிருந்தன. அந்தப் பெண் விசைப்பலகையைப் பார்க்காமலே தட்டி முடித்தாள்.

செத்த பதின்மூன்றையும் பாப்பா தனியாகக் கட்டினாள். வேனில் போர்வை சுற்றி அடுக்கி, இருவரும் ஏறும்போது மாலை நாலு மணி. வெயில் கண்ணாடியில் சுள்ளென்று அடித்தது. அவர் ஸ்டீயரிங்கை விரலால் தட்டிக்கொண்டே ஓட்டினார். சிக்னலில் நின்றாலும் விரல் நிற்கவில்லை. அடுத்த மாதம் எண்பது மெஷினுக்குத் தேர்வு வருகிறது. இனி நாலுக்கு ஒன்றெல்லாம் செல்லாது, மூன்றுக்கு ஒன்று வேண்டும் என்று கணக்குப் போட்டார். ஹாலில் நாலு பெட்டி வைக்கலாம், சமையலறைப் பரணில் மூன்று ஏற்றலாம் என்றார்.

“படுக்குற ரூம்ல கட்டிலை எடுத்துட்டோம்னா பன்னெண்டு பெட்டி உக்காரும் பாப்பா. நாம கீழ விரிச்சுப் படுத்துக்கலாம். முதுகுக்கும் நல்லதும்பாங்க.”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சிரிப்பை மூட்டியது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் சிரித்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டதும் முந்தானையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள். அவர் பயந்துபோய் வேனைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினார்.

“என்னம்மா ஆச்சு? வேணாம்னா கட்டில் இருக்கட்டும்.”

“கொஞ்சம் அந்த விரலைத் தட்டாம இருங்க.”

விரல் நின்றது. பின்னால் போர்வைக்குள் அணைக்க மறந்த ஏதோ ஒரு மெஷின் முனகிக்கொண்டிருந்தது. அவர் தலையைத் திருப்பி அதைக் கவனிக்கப் போனார். அவள் அவர் முகவாயைப் பிடித்துத் தன் பக்கமே திருப்பினாள்.

“அந்தச் சின்ன ரூம் எனக்கு வேணுங்க. காலி பண்ணிக் குடுங்க. நாம ஒரு குழந்தையைத் தத்தெடுத்துக்கலாம்.”