பனிக்கு ஒரு குடம் தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. அக்கரப்பத்தனை பஸ்ஸில் என் முன் ஸீட்டில் இருந்த ஒரு பெண், பக்கத்திலிருந்தவளிடம், "போஞ்சி பூராத்தையும் பனி எரிச்சிருச்சுடி" என்றாள். அடுத்த வளைவில் இறங்கியும் போய்விட்டாள். (போஞ்சி என்றால் அவரைக்கு மெலிந்த தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடி, நீளக் காய்.)

பனி எப்படி ஐயா எரிக்கும்? நான் மட்டக்களப்புக் கடற்கரைக்காரன். எனக்குத் தெரிந்த பனி புல் நுனியில் உருளும். தலையில் துண்டு கட்டாமல் போனால் தடுமன் பிடிக்கும், அவ்வளவுதான். இருந்தாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவனுக்கு வெட்கம் ஏது?

முதல் தொடக்கம்: "முத்து முத்தாய்ப் பனி பூத்த போஞ்சித் தோட்டத்தில் அம்மாக்கண்ணு புன்னகையோடு—"

(சீ! அடித்தாயிற்று. அந்த முத்துதான் அவள் தோட்டத்துக்கு எமன். ஆனாலும் அழிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்களும் கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள்.)

2

அம்மாக்கண்ணு இறம்பொடைப் பக்கம், வெண்டியும் கத்திரியும் காய்க்கிற, தாழ்வான தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அறுபத்திரண்டாம் வருஷம் டயகமவின் உச்சிக்குக் கல்யாணம் கட்டி வந்தாள். புருஷன் சோலைமலை கவ்வாத்து வெட்டுகிறவன், தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் கழிக்கிற வேலை. கத்தி பேசும் அளவுக்கு வாய் பேசாது.

லயம் என்கிற வரிசை வீட்டில் அவர்களுக்கு ஒரே காம்பரா, அதாவது ஒரே அறை. காலமான மாமியார் வைத்த இடத்தில் அம்மி, மாமனார் அடித்த ஆணியில் விளக்கு. எதையாவது இங்கே வைக்கலாமா என்று அவள் கையில் எடுத்தால், "அது அங்கதான் இருக்கும்" என்று லயமே சொல்லும். தன் இஷ்டத்துக்கு ஒரு சாமானை வைக்க அவளுக்கென்று ஒரு சாண் இடம் இல்லை.

லயத்துக்குப் பின்னால் ஒரு சரிவுத் துண்டு சும்மா கிடந்தது. போய்க் கேட்டாள். தோட்ட வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கு தொப்பியைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "மாசிக் கடைசியில தொரை பாக்க வருவாரு. பச்சை நின்னா ஒனக்கு. மண்ணு தெரிஞ்சா தேயிலைக்கு."

கதை அவ்வளவுதான். பச்சையா, மண்ணா? மழையோ மார்கழியோடு போகிற மழை.

3

அடுப்புக்கரியால் காம்பராத் தரையில் தோட்டத்தை வரைந்தாள்.

"மேல மொளகா, நடுவுல கத்திரி, ஓரத்துல வெண்டி."

"வெண்டி இந்தக் குளுருக்கு வராது புள்ள" என்றான் சோலைமலை.

"கத்திரி?"

"அதுவுந்தான்."

"அப்ப இந்த ஊர்ல என்னதாங்க வரும்?"

"கோவா. லீக்ஸ். போஞ்சி." (கோவா என்றால் முட்டைக்கோஸ். லீக்ஸ் வெங்காயத்தாளுக்குத் தடித்த அண்ணன்.)

அவள் கத்தரியை முந்தானையால் துடைத்தாள். கண்ணையும் துடைத்தாள் என்று எழுதப் போனேன். அவளா அழுவாள்! லயத்துத் தண்ணீர்க் குழாயான பீலியிலிருந்து வழிகிற தண்ணீர் ஓடும் பள்ளத்து ஓரத்தில் விறுவிறுவென்று போஞ்சிக்குக் கோடு போட்டாள்.

"போஞ்சிய மேட்டுல போடு. பள்ளத்துல பனி எறங்கி ஒக்காந்துரும். கோவா தாங்கும், போஞ்சிய எரிச்சிரும்."

"பனி எரிக்குமா? அப்ப ஒங்க ஊர்ல நெருப்பு குளுருமாக்கும்!" விழுந்து விழுந்து சிரித்தாள். "மழை இல்லாத மாசத்துல பனியாவது பேஞ்சா செடி குடிக்கட்டுமே. மேட்டுக்குத் தண்ணி தூக்கறது யாரு, நீங்களா?"

தூக்கப்போவது அவள்தான். சோலைமலை கரிக்கோட்டை மிதிக்காமல் காலைத் தள்ளி வைத்தான்.

"ஒன் தோட்டம். ஒன் இஷ்டம்" என்றான்.*

* இந்த இடத்தில் எனக்கு இவன்மேல் சந்தேகம். தெரிந்துகொண்டே விடுகிறானே, இவனெல்லாம் ஒரு புருஷனா? கோபக்காரனாக மாற்றி எழுதிப் பார்த்தேன். கரியைப் பிடுங்கினான், அவள் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள், கதை தகராறில் நின்றது. பிறகுதான் புரிந்தது. ஒரு துண்டு நிலமாவது அவள் சொன்னபடி இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறான், பாவி.

4

இந்தப் பகுதியில் ஒன்றுமே நடக்காது. பத்திரிகைக்காரர் வெட்டச் சொல்வார். மாட்டேன்.

போஞ்சி முளைத்தது. கம்பு நட்டாள், கொடி ஏறியது. கொழுந்து பறித்துவிட்டு வந்து, கூடையை இறக்கியதும் நேரே பள்ளத்துக்குத்தான் போவாள். அடுத்த காம்பரா நாகலெட்சுமி, "ஏண்டி, புருஷன் மூஞ்சியக்கூட இப்பிடிப் பாக்கலியே நீ!" என்று கேலி செய்வாள்.

"அவரு காய்க்க மாட்டாருக்கா" என்பாள் இவள்.

சோலைமலைக்கும் கேட்கும். கத்தி தீட்டியபடி சிரிப்பை அடக்குவான். தை மாதம் பீலி நூலாக மெலிந்தது. ஒரு குடம் நிரம்புவதற்குள் ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடலாம். ஆனாலும் பள்ளத்து மண் ஈரமாகவே இருந்தது. தான் போட்ட கோடு சரிதான் என்று அம்மாக்கண்ணுவுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான்.

5

மாசியில் ஒரு விடியற்காலை கதவைத் திறந்தாள். மேட்டில் ஒன்றுமில்லை. பள்ளம் முழுக்க வெள்ளை. யாரோ சுண்ணாம்பு தெளித்த மாதிரி இலை, கொடி, கம்பு எல்லாம் வெள்ளை. ஓடிப்போய் ஓர் இலையைப் பிடித்தாள்.

"ஆத்தாடி, எரியுதே!"

விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பனி எரிக்கும்.

சோலைமலை சமையலுக்கு வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "வெயில் படுறதுக்குள்ள கழுவிட்டா பொழச்சுக்கும். வெள்ளையோட வெயில் பட்டா கருகிரும்."

"நீங்க அப்பவே சொன்னீங்க. நாந்தான்…"

"பேசாம ஊத்து புள்ள. சூரியன் வருது."

கைகையாக அள்ளித் தெளித்தாள். வெள்ளை கரைந்து பச்சை தெரிந்தது. பாதித் தோட்டத்திலேயே குடம் காலி. பீலிக்கு ஓடினால் சொட்டுக்கூட இல்லை, குழாய் உறைந்து கிடந்தது. அவள் வெறுங்குடத்தோடு திரும்பியபோது, நாகலெட்சுமி வாளியோடு பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது ஒங்க தேத்தண்ணிக்கு…"

"ஒரு நாளு குடிக்காட்டி செத்தா போயிருவேன்? நகரு."

(நாகலெட்சுமியை நான் அனுப்பவில்லை. என் திட்டத்தில் அவளுக்குக் கேலி செய்கிற வேலை மட்டும்தான்.)

6

வாளியும் தீர்ந்தது. இன்னும் இரண்டு வரிசை வெள்ளையாக நிற்கிறது. காய் பிடித்த வரிசைகள்.

முடிவு அ: சூரியன் வந்தது. அந்த இரண்டு வரிசையும் கருகி— (வேண்டாம்.)

முடிவு ஆ: மாசிக் கடைசியில் துரை வந்து தட்டிக்கொடுத்து, "வெரி குட் அம்மாக்கண்ணு" என்று— (துரைக்கு இவள் பேர் எப்படித் தெரியும்? வேண்டாம்.)

பஸ்ஸில் அந்தப் பெண் "பூராத்தையும்" என்றாள். அந்த வார்த்தைக்கு நான் கட்டுப்பட்டால் எல்லாமே எரிந்தாக வேண்டும். கட்டுப்பட மாட்டேன். ஆனால் பொய்யாக ஒரு குடத்தையும் கொண்டுவந்து வைக்க மாட்டேன். லயத்தில் தண்ணீர் இல்லை.

என் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. சூரியன் உதித்தது என்று இன்னும் எழுதவில்லை. எழுதாதவரை அது மலைக்குப் பின்னால்தான் நிற்கும். சோலைமலை கிழக்கைப் பார்க்கிறான். நாகலெட்சுமி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். அம்மாக்கண்ணு உங்களைத்தான் பார்க்கிறாள்.

உங்கள் வீட்டில் தண்ணீர் இருக்குமே. பார்த்து இறங்குங்கள், பள்ளம் வழுக்கும்.