இடது தோள் இறங்கிய பொம்மை

சமுதாயக் கல்லூரியின் ஆடை வடிவமைப்பு வகுப்பில், ஜன்னலோரம் நின்ற தலையில்லாப் பொம்மை முதல் பருவத்திலேயே சதை போட்டது. துணியைச் சுற்றிக் குண்டூசி குத்தி அளவு பார்க்க, ஒரே அச்சில் வாங்கிய பொம்மைகள்தான் எல்லாம். மற்றவை வாங்கியபடியே நின்றன. இது மட்டும் இடுப்பில் பருத்து, இடது தோளில் இறங்கியது. டீச்சர் அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஈரக்காற்றுதான் காரணம் என்று முடித்துவிட்டார்.

அந்தப் பொம்மை வாய்த்தது, பாதி ஆயுளைச் சலவைக்கடை இஸ்திரிப்பெட்டியோடு கழித்துவிட்டுப் படிக்க வந்தவளுக்கு. வகுப்புப் பிள்ளைகள் அவளை ஆன்ட்டி என்றார்கள். அந்தத் தோளைப் பார்த்ததுமே அவளுக்குத் திக்கென்றது. சாட்சாத் அக்காவின் தோள். அக்கா ஆசை ஆசையாக வாங்கிய கோட்டை, புதுமை செய்கிறேன் பேர்வழி என்று முன்பொரு நாள் வெட்டிக் கைப்பை தைத்தவள் இவள். மன்னிப்புக் கேட்க இவளுக்கு வாய் வரவில்லை, அக்காவுக்கு மனசு ஆறவில்லை. அடுத்த தெருதான், ஆனாலும் வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்த பிடிவாதம், வேறென்ன!

முதலாண்டுக் கடைசித் தேர்வுக்கு அவள் ஒரு கோட்டைத்தான் தைத்தாள். கைகள் தாமாக அதைத்தான் வெட்டின. ஒரு மனித உடம்பிலாவது கச்சிதமாக உட்காராத உடுப்புக்குத் தேர்ச்சி இல்லை என்பது விதி. தேர்வன்று போட்டுக்காட்ட வந்த பெண்களில் ஒருத்தி மேல் அது சாக்காகத் தொங்கியது, இன்னொருத்திக்குத் தோள் வழுக்கியது. "எப்ப வேணா வா, உன் இடம் அப்படியேதான் இருக்கு" என்று சலவைக்கடைக்காரர் சிரித்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. இடுப்பைக் கொஞ்சம் பிடிக்கலாமென்று கோட்டைப் பொம்மைக்கே திரும்ப மாட்டி ஊசியை அழுத்தினாள். வாசலில் "ஐயோ!" என்று ஒரு சத்தம்.

இடுப்பைப் பிடித்தபடி அக்கா நின்றாள். மாதக்கணக்கில் உடம்பெங்கும் சுருக் சுருக்கென்று குத்த, டாக்டர்களிடம் அலைந்து, ஒன்றும் அகப்படாமல், தன் வளையல்கள் யாருக்கு என்பதுவரை முடிவு செய்திருந்தாள். கல்லூரிக்கு லீவு விட்டால் வலிக்கும் லீவு என்பதை, இதே வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசியபோதுதான் கண்டுகொண்டு, நேரே வகுப்புக்கே வந்துவிட்டாள்.

"அடியே, என் இடுப்பு என்ன உனக்கு ஊசி டப்பாவா? பெரிய வியாதின்னு உயிரைக் கையில புடிச்சிக்கிட்டு அலையுறேன்!"

"அப்ப உனக்கு ஒண்ணும் இல்லையேக்கா?"

"ஒண்ணும் இல்லடி. நீதான் வியாதி."

சொல்லிவிட்டு அக்காவே சிரித்தாள், பிறகு அழுதாள். கோட்டைப் பிடுங்கி மாட்டினாள். தோள் தோளில் உட்கார்ந்தது, பொத்தான்கள் மூச்சு விட இடம் வைத்துப் பூட்டிக்கொண்டன. டீச்சர் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தேர்ச்சி போட்டார்.

"மன்னிச்சிடுக்கா."

"அது கிடக்குது. பாக்கெட் எங்கடி?"

பொம்மையை வீட்டுக்கே கொண்டுபோகச் சொன்னார்கள் கல்லூரியில். அக்கா ஒப்பவில்லை, பிள்ளைகள் படிக்கட்டும் என்றுவிட்டாள். ஆன்ட்டி இப்போது இரண்டாம் ஆண்டு. அக்காவுக்கு ஊசி குத்தினால் பயமில்லை. காலையில் இடுப்பில் சுருக்கென்றால், வகுப்பு தொடங்கிவிட்டது, மத்தியானம் தங்கை சாப்பிட வந்துவிடுவாள் என்று எழுந்துபோய் உலை வைக்கிறாள்.